இரண்டு ஆள், ஒரு பட்டி

அவள் வரைந்த எந்தப் படத்திலும் யாரும் தனியாக நின்றதில்லை. ஒரு காக்கையை வரைந்தால் பக்கத்தில் இன்னொரு காக்கை வந்து உட்கார்ந்துவிடும். ஒரு மனிதர் குடை பிடித்துப் போனால், அந்தக் குடைக்குள் நுழைய இன்னொருவர் ஓடி வந்துகொண்டிருப்பார். வெறும் தோணி கிடந்தால்கூட அவளுக்கு மனசு கேட்காது. அதன் விளிம்பில் ஒரு கொக்கை ஏற்றிவிட்டு, "பாவம்ல, ஒத்தையா கெடக்கு" என்பாள். கொக்கு மட்டும் ஒத்தையாக நிற்கலாமா என்று நான் வாயை விட்டால் தீர்ந்தது. ஐந்தே நிமிடத்தில் தோணி முழுக்கக் கொக்கு.

அவள் என் அண்ணன் பெண்டாட்டி. எனக்கு மதினி. கம்பத்திலிருந்து கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது, எனக்குப் பத்தொன்பது. ஐம்பதுகளின் நடுவில் நடந்த கதை. எங்கள் அத்தா பஜாரில் மிளகாய் மண்டி வைத்திருந்தார். கீழே மண்டி, மேலே வீடு. எங்கள் வீட்டில் யார் எந்தப் பேச்சை ஆரம்பித்தாலும் பாதியில் ஒரு தும்மல் வந்துதான் பேச்சு முடியும். எங்களுக்கெல்லாம் பழகிப்போனது. புதுப்பெண் பாவம், முதல் வாரம் முழுக்கத் தும்மியே கழித்தாள். அழுகிறாளா தும்முகிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் அம்மா இரண்டுக்கும் சேர்த்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

இரண்டாவது வாரம் அடுப்படிச் சுவரில் கரியால் வரைந்த ஓர் ஆடு முளைத்தது. மறுநாள் பார்த்தால் இரண்டு. அவளுடைய அத்தா கம்பத்தில் ஆட்டு வியாபாரி. வீட்டுக்குப் பின்னால் முள்வேலி போட்ட பெரிய பட்டி. பட்டி என்றால் அந்த ஊர்க்காரர்களுக்கு ஆடு அடைக்கிற இடம். நூறு ஆடுகளோடு வளர்ந்தவள் இங்கே மாடியில் மிளகாய் நெடியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணனோ மாதத்தில் பாதி நாள் சரக்கு எடுக்கப் போய்விடுவான். மாதம் முடிவதற்குள் சுவரில் பட்டி முழுக்க வந்து சேர்ந்தது. ஆடு, குட்டி, வேலி, வேலியில் சாய்ந்து பேசுகிறவர்கள், மூட்டை மேல் உட்கார்ந்திருப்பவர்கள் என்று எண்ணெய்ச் சட்டி மாட்டுகிற ஆணிவரைக்கும் கூட்டம்.

அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காத அத்தா ஒருநாள் உள்ளே வந்து நின்றார். சுவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். மதினி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"மூட்டை மேல ஒருத்தன் தொப்பையோட உக்காந்திருக்கானே, அது யாரு?"

அந்தத் தொப்பை யாருடையது என்று அம்மா, மதினி, நான், எங்கள் மூன்று பேருக்கும் நன்றாகத் தெரியும்.

"சரி, பக்கத்துல இருக்குறது?"

"நீங்க ஒத்தையா இருக்கீங்களேன்னு மாமியை வச்சேன், மாமா" என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யா அல்லா, உசுருள்ளதை வரையலாமா? நாலு பேர் கேட்டா எந்து பறையும்?"

"உசுரு கொடுக்குறது படைச்சவன் வேலை மாமி. நான் துணை மட்டும்தான் கொடுக்குறேன்."

அம்மா இதற்குப் பதில் தேடிக்கொண்டே சுவருக்குக் கிட்டே போனாள். குனிந்து பார்த்தாள். "அது இருக்கட்டும், என் மூக்கு இத்தனை நீளமா?" என்றாள். அத்தா சிரிப்பை அடக்கப் பார்த்துத் தும்மினார். அன்றைக்கு அந்தச் சுவர் தப்பித்தது.

இந்த ஊர்ப் பேச்சு அவளைப் படுத்திய பாட்டையும் சொல்ல வேண்டும். வந்த புதிதில் ஒருநாள் கொல்லைப்புறமாகப் போய்க்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுச் சேச்சி ஜன்னலிலிருந்து கத்தினாள்: "அங்ஙோட்டு போகல்லே மோளே, அவிடெ பட்டி உண்டு!"

மதினிக்குக் காதில் விழுந்தது 'பட்டி உண்டு' என்பது மட்டும்தான். மட்டாஞ்சேரியில் பட்டியா! முகமெல்லாம் பல்லாக, வேலியோரத்துக் கப்பைக் கிழங்குச் செடியில் ஒரு பிடி தழையை ஒடித்துக்கொண்டு ஆடு பார்க்க ஓடினாள். போன வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பி வந்தாள். பின்னால் ஒரு செவலை நாய். எப்படி ஏறினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, துணி துவைக்கிற கல்லிலிருந்து மதிலுக்குப் போய்விட்டாள். கையில் தழை அப்படியே இருந்தது. மலையாளத்தில் பட்டி என்றால் நாய் என்று மதில் மேலேயே அவளுக்குப் பாடம் நடந்தது. கீழே இறங்கியதும் கரியை எடுத்துச் சுவரில் எழுதினாள்: 'பட்டி, நாய். வெள்ளம், தண்ணீர். தோடு, ஓடை.' அதற்கப்புறம் அந்தச் சொற்களில் அவள் தவறியதே கிடையாது. ஒரே ஒரு தடவையைத் தவிர. அந்த ஒரு தடவையைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

சுவரில் இடம் தீர்ந்ததும் அண்ணன் அத்தாவிடம் பேசி அவளைச் சித்திர வகுப்பில் சேர்த்துவிட்டான். பெண்களுக்கான தையல் பள்ளி ஒன்று காயல் ஓரத்தில் இருந்தது. அதன் மாடியில் மத்தியான வேளைகளில் ஒரு மாஷ், அதாவது வாத்தியார், சித்திரம் கற்றுக்கொடுத்தார். தனியாக அனுப்ப முடியாது என்று துணைக்கு என்னையும் சேர்த்தார்கள். எனக்குச் சித்திரத்தில் துளி ஆசை கிடையாது. நான் நாய் வரைந்தால் நாற்காலி என்பார்கள். ஆனாலும் இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு பஜார் வழியாகப் போவதிலும், வரும்போது சிரித்துச் சிரித்து வயிறு வலிப்பதிலும் எனக்கு அப்படி ஒரு ருசி.

மாஷ் முதலில் இடத்தை வரையச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே காயல், தோணி, ஓட்டுக் கூரைக் கிடங்குகள். அதற்குப் பிறகுதான் ஆளும் ஆடும். தூரத்து ஆள் வரைய அவர் சொன்ன வழி சுலபமானது. தலைக்கு ஒரு புள்ளி. உடம்புக்கு ஒரு முள்ளங்கி. இரண்டு காலும் ஒரே நீளமாக இருந்தால் ஆள் நிற்கிறான், ஒரு கால் குட்டையாக இருந்தால் நடக்கிறான். தூரத்து ஆளுக்குக் கண், மூக்கு, வாய் எதுவும் கூடாது. ஆட்டுக்கு ஈரப் பிரஷ்ஷால் முதுகும் வயிறும் ஒரே இழுப்பு. காய்வதற்குள் கால்களைக் கீழே இழுத்துவிட வேண்டும். நானும் அப்படியே செய்தேன், ஆடு வரவில்லை. அவள் செய்தாள், ஆடு வந்து நின்று தழை கேட்டது.

கண்மட்டக் கோடு என்ற ஒன்றையும் அவர் சொன்னார். சமதளத்தில் நின்று பார்க்கிறபோது, நம் உயரமுள்ளவர்கள் எவ்வளவு தூரத்தில் நின்றாலும் அவர்களுடைய தலையெல்லாம் நம் கண்ணுக்கு ஒரே கோட்டில்தான் வரும். தூரம் போகப் போகக் கால்தான் மேலே ஏறும். மதினிக்கு இது மிகவும் பிடித்துப்போனது. "அப்ப எம்புட்டுத் தூரம் போனாலும் தலை ஒரே மட்டத்துல இருக்குமா? கம்பத்துல இருக்குறவ தலையும் என் தலையும்?" என்று கேட்டாள். நடுவில் மலை இருக்கிறது என்றார் மாஷ். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

பிறகு பஜாரில் யாருக்கும் நிம்மதி இல்லை. யார் எப்படி நடக்கிறார்கள் என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பாள். தலையில் மூட்டையோடு போன ஒரு சுமைக்காரரை, "அண்ணே, அப்படியே ஒரு நிமிசம் நில்லுங்க" என்று நிறுத்திவிட்டாள். எதற்கு என்று கேட்காமல் அவரும் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார். அவருக்குப் பின்னால் வந்த கைவண்டி நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. கடைசியில் சுங்கக் கட்டடம் வரைக்கும் தெருவே நின்றுவிட்டது. யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று நினைத்துக் கடைக்காரர்கள் எல்லாம் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

சாயாக்கடைச் சேட்டன் ஒருநாள் தானாகவே எங்களை மறித்து, தன்னை வரைந்திருப்பதாகக் கேள்விப்பட்டதாகச் சொன்னார். மதினி தாளை விரித்துக் காட்டினாள். முன்னால் பெரிதாக ஓர் ஆடு, பின்னால் தெருக்கோடியில் கடை, கடை வாசலில் சேட்டன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஞான் ஆட்டின்றெ பாதியே உள்ளோ?"

"ஆடு பக்கத்துல நிக்குது சேட்டா. நீங்க தூரத்துல நிக்கிறீங்க. அதான் சின்னதா இருக்கீங்க."

சேட்டன் நன்றாக யோசித்தார். "என்னா, ஆடு அங்ஙோட்டு போட்டே. ஞான் இங்ஙோட்டு வராம்" என்றார். ஆட்டைக் கடைக்கு அனுப்பிவிட்டு அவர் முன்னால் வந்துவிடுவதாக முடிவாயிற்று. மதினி அப்படியே வரைந்து கொடுத்தாள். சாயாக் கடை வாசலில் ஆடு மட்டும் தனியாக நிற்குமா? நான்கு ஆடு நின்றது. சேட்டன் அதைக் கடையில் மாட்டி வைத்து, தான் இல்லாத நேரத்தில் கடை எப்படி நடக்கிறது என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

மாஷுக்கு மட்டும்தான் அவளால் தலைவலி. "ஒரு ஆள் மதி, கேட்டோ? ஒரு ஆள்!" என்று அவர் போதும் போதும் என்று கத்தக் கத்த, அவள் படத்தில் ஜனம் பெருகும். வெறும் மணல்மேட்டை வரையச் சொன்னால் அங்கே சந்தை கூடிவிடும். கூட்டம் சேர்ந்தால் கண் எங்கே போவது என்று தெரியாமல் தவிக்கும், படம் பாழாகும் என்பார். அவர் சொல்வது சரி என்று அவளுக்கும் தெரியும். கைதான் கேட்காது.

இப்படியே போயிருந்தால் சிரிப்போடு முடிந்திருக்கும். ஆனால் தையல் பள்ளியில் சிறுமிகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் வேண்டும் என்று பேச்சு வந்தது. சர்க்கார் சித்திரப் பரீட்சையில் தேறினால் வேலை மதினிக்கு என்று மாஷ் சொன்னார். வீட்டில் அன்றைக்குப் பெரிய பஞ்சாயத்து. வேலைக்குப் போகிற மருமகளா என்று அம்மா ஒரு பக்கம், போனால் என்ன என்று அண்ணன் ஒரு பக்கம். கடைசியில் அத்தா தீர்ப்புச் சொன்னார்.

"ஒரு தடவை எழுதட்டும். தேறினா வேலைக்குப் போகட்டும், நான் குறுக்க நிக்க மாட்டேன். தேறலைன்னா பிரஷ்ஷையெல்லாம் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுறணும். வகுப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"சரி மாமா" என்றாள் மதினி. அன்று அவள் தும்மவில்லை, ஆனால் கண் நிறைந்திருந்தது. மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த வேலை கிடைச்சா இந்த ஊர்ல எனக்குன்னு இருபது புள்ளைங்க இருக்கும் புள்ள. உங்க அண்ணன் இல்லாத நாளெல்லாம் எனக்கு என்ன செய்யிறதுன்னே தெரியல" என்றாள். அவள் சிரிப்புக்கு அடியில் இப்படி ஒன்று இருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இந்த வேலை அவளுக்குக் கிடைத்தே ஆக வேண்டும் என்று நான் முடிவு செய்துவிட்டேன். நான் முடிவு செய்து என்ன ஆகப்போகிறது என்று கேட்காதீர்கள்.

பரீட்சையில் எப்போதும் ஓர் இடம், இரண்டு ஆள், ஒரு மிருகம் என்றுதான் கேட்பார்கள். மூன்று மணி நேரம். கேட்டதற்கு மேல் வைத்தால் மதிப்பெண் போய்விடும் என்று மாஷ் மிரட்டி வைத்திருந்தார். மதினி ஒற்றை ஆட்டைப் பழக ஆரம்பித்தாள். ஒரே ஓர் ஆட்டை வரைந்துவிட்டுப் பிரஷ்ஷைத் தூரமாக வைத்து, கைகளை மடியில் பூட்டிக்கொள்வாள். ஒருநாள் அப்படி வரைந்த ஆட்டுக்கு இரண்டு நிழல் விழுந்திருந்தது.

"இது என்ன ரெண்டாவது நிழல்?" என்று கேட்டேன்.

"அது படத்துக்கு வெளிய நிக்கிற ஆட்டோடது. அது உள்ள வரல. மாஷ் ஒண்ணும் சொல்ல முடியாது."

பரீட்சை எறணாகுளத்தில். துணைக்கு நானும் எழுதுகிறேன் என்று பெயர் கொடுத்திருந்தேன். காலையில் படகு ஏறினோம். கூடத்தில் முப்பது பெண்கள். எனக்கு முன்னால் இரண்டாவது வரிசையில், ஜன்னல் ஓரம் மதினி. கேள்வித்தாள் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் அச்சாகியிருந்தது. எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியும். மதினிக்குத் தமிழ் மட்டும்தான். அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு எக்ஸாமினரே பக்கத்தில் வந்தார். பாலக்காட்டுப் பக்கத்துக்காரர், தமிழ் தெரியும் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

"கவலை வேண்டாம்மா, நான் தமிழ்லயே சொல்றேன். ஒரு குன்று. குன்றுக்குக் கீழே ஒரு குடிசை. ஒரு ஓடை. ரெண்டு ஆள். ஒரு பட்டி. அவ்வளவுதான்."

தாளில் 'நாய' என்றுதான் அச்சாகியிருந்தது. அதை அப்படியே வாசித்திருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். அது புத்தக மலையாளம், இந்தப் பெண்ணுக்கு வீட்டுப் பேச்சில் சொல்வோம் என்று மனிதர் நினைத்திருக்க வேண்டும். ஓடை வரைக்கும் தமிழில் வந்தவர் நாயின் இடத்தில் மலையாளத்துக்குத் தாவிவிட்டார். எனக்கும் அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. பட்டி என்றால் நாய், அவளுக்குத் தெரியாததா, சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறாளே என்று என் நாற்காலியை, அதாவது நாயை, வரையத் தொடங்கினேன்.

மதினியின் முதுகு அன்றைக்குத் துள்ளிக்கொண்டிருந்தது. மெல்ல ஏதோ முனகிப் பாடுகிறாள் போலவும் தெரிந்தது. பயமே இல்லையே என்று ஆச்சரியப்பட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து, பிரஷ் கழுவிய தண்ணீரை மாற்றப் போகிற சாக்கில் அவள் பக்கமாகப் பார்த்தேன்.

குன்று இருந்தது. குடிசையும் ஓடையும் இருந்தன. இரண்டு ஆள் ஒழுங்காக இருந்தார்கள். அவர்களுக்கு இந்தப் பக்கம், தாளின் பாதியை அடைத்துக்கொண்டு, முள்வேலி போட்ட ஒரு பட்டி. உள்ளே ஆடு, ஆட்டுக்கு மேல் ஆடு, ஆட்டுக்கு அடியில் குட்டி. எண்ணினேன், பதினேழு. எக்ஸாமினர் தமிழில் பேசினார், ஆகவே பட்டியும் தமிழ்ப் பட்டி. எத்தனையோ மாதமாக ஒற்றை ஆட்டோடு மல்லுக்கட்டியவளுக்கு ஆண்டவனே இறங்கிவந்து பட்டி போட அனுமதி கொடுத்ததுபோல் இருந்திருக்கும். அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நாய் மட்டும் எங்கேயும் இல்லை.

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளையும் சேர்த்து வெளியே அனுப்புவார்கள். நாய் என்று சொன்னால் விடை சொல்லிக்கொடுத்த குற்றம். வேறு என்ன வழி? யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்.

குரைத்தேன்.

முதலில் மெதுவாகத்தான். வவ். முன் வரிசையில் இரண்டு பெண்கள் திரும்பினார்கள். மதினி திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக, வவ் வவ். கூடம் முழுக்கச் சிரிப்பு கிளம்பியது. மேற்பார்வைக்கு இருந்த டீச்சர் எழுந்து நின்றாள்.

"ஆராணு அது?"

"ஞானா டீச்சரே. சும" என்றேன், இருமிக் காட்டினேன். இருமல் என்று அவளும் விட்டுவிட்டாள். மதினி இப்போது தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். புரியவில்லை என்று தெரிந்தது. இத்தனை தூரம் வந்தாயிற்று, இனி என்ன என்று வயிற்றிலிருந்து மூச்சை எழுப்பி, எங்கள் கொல்லைப்புறத்துச் செவலை நாய் குரைக்கிற மாதிரி மூன்று தடவை குரைத்தேன். ஜன்னலில் இருந்த காக்கை பறந்துபோனது.

"எறங்ஙு!" என்றாள் டீச்சர். தாளைப் பிடுங்கிக்கொண்டாள். நான் வெளியே போனேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் நடுமத்தியான வெயில். இடுப்பு உயரத்தில் ஒரு மாங்கன்று மட்டும் இருந்தது, அதன் நிழல் என் காலுக்குக்கூடப் போதவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. பரீட்சை போனதற்காக இல்லை. அவள் பிரஷ்ஷெல்லாம் பரணுக்குப் போகப்போகிறதே என்றுதான். பத்து நிமிடம் அப்படி நின்றிருப்பேன். வராந்தாவில் வண்ணப் பெட்டியை இடுக்கிக்கொண்டு மதினி வந்துகொண்டிருந்தாள்.

"என்ன மதினி! மணி அடிக்கலையே!"

"ஜன்னல் வழியா பாத்தேன். நீ ஒத்தையா நிக்கிற."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

"படம் முடிஞ்சுதா?"

"வானம் பாக்கி. வெறும் தாளா விட்டுட்டு வந்துட்டேன். வானம் எங்க போயிறப் போகுது?"

எனக்கு வந்த கோபத்தில் அவளை அடித்திருப்பேன். "பட்டின்னா நாய் மதினி! அந்த சார் சொன்னது நாய்! நாய் ஒண்ணு வரையணும்!" என்று கத்தினேன்.

அவள் அப்படியே நின்றாள். "அவரு தமிழ்ல பேசுனாருல்ல?"

"ஓடை வரைக்கும்தான் பேசினார்!"

"அப்ப நீ கொரைச்சது அதுக்கா?"

"பின்ன எதுக்கு?"

"நான் என்னமோ, பட்டி போட்டியே, காவலுக்கு நாய் எங்கடின்னு நீ கேக்குறேன்னு நெனச்சேன். சரியாத்தான சொல்றா, நாயில்லாம என்ன பட்டின்னு..."

"வச்சியா?"

"வச்சேனே. பட்டி வாசல்ல, நல்லாக் கறுப்பா."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அதற்கப்புறம் அந்த மைதானத்தில் நாங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, மாங்கன்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஜன்னலை இழுத்துச் சாத்தினார்கள். படகுத் துறையிலும் சிரித்தோம். படகில் பாதி வழியில்தான் அவள் அடங்கினாள்.

"கேட்டதுக்கு மேல பதினேழு ஆடு. வானமும் இல்ல. தேற மாட்டேன் புள்ள" என்றாள்.

"நீ ஏன் வெளிய வந்த? அரை மணியில வானம் போட்டிருக்கலாம்ல."

"போட்டிருக்கலாம்" என்றாள். மட்டாஞ்சேரி வரும்வரை என் கையை விடவில்லை. எனக்காக அவள் ஒரு வானத்தை விட்டுவிட்டு வந்தாள் என்பது கோபம் தீர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதுவரை யாரும் எனக்காக எதையும் விட்டதில்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஒருநாள் மாஷ் எங்கள் வீட்டுக்கு வந்தார். மதினி அதற்கு முந்தின வாரமே பிரஷ்களைத் துணியில் சுற்றிக் கட்டிவைத்திருந்தாள். மாஷ் படியேறுவதைப் பார்த்ததும் அத்தா, அம்மா, அண்ணன், நான் எல்லோரும் மாடிக் கூடத்தில் கூடிவிட்டோம். மாஷ் மேலே வந்து வாயைத் திறந்தார். மிளகாய் நெடி பழகாத மனிதர். "பா..." என்றார், தும்மினார். "பரீ..." என்றார், இரண்டு தும்மல். அம்மா செம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு மறுபடி, "பா... பா..." மதினி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஏழாவது தும்மலுக்குப் பிறகு, "பாஸ்ஸாயி!" என்றார்.

எக்ஸாமினரை மாஷுக்குத் தெரியுமாம். நாய் ஒன்று கேட்டால் இந்தப் பெண் அதற்கு ஒரு பட்டியே போட்டு, அத்தனை வெள்ளை ஆட்டுக்கும் நடுவே வாசலில் கறுப்பாக அந்த ஒரே நாயை வைத்திருக்கிறாள், கண் நேரே அதில் போய் நிற்கிறது என்று அவர் வியந்துபோனாராம். வானத்தை வெறும் தாளாக விட்டிருக்கிறாளே, உச்சிவெயிலை இதைவிட எப்படிக் காட்டுவது, இந்தத் துணிச்சல் யாருக்கு வரும் என்றும் சொன்னாராம். மதினியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேயில்லை. பார்த்தால் மானம் போயிருக்கும்.

அத்தா சொன்ன சொல் தவறவில்லை. அந்த ஜூன் மாதம் அவள் டீச்சரானாள். இருபது பிள்ளைகள் என்று கேட்டாள், முப்பத்தைந்து கிடைத்தது.

அறுபதுகள் பிறந்து கொஞ்ச நாளில் எனக்கு ஆலுவாயில் நிக்காஹ் ஆனது. புது வீடு, பெரிய குடும்பம், யாரையும் தெரியாது. அவர் கடைக்குப் போய்விட்டால் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தும்மல் இல்லாத வீட்டில் பேச்சே வரவில்லை. நான்காம் நாள் அண்ணன் வந்தான், கையில் தாள் சுற்றிய ஒரு சட்டம். மதினி கொடுத்தனுப்பியது.

பிரித்தேன். குன்று, குடிசை, ஓடை, பட்டி, வாசலில் கறுப்பு நாய். வானம் வெறும் தாள். பட்டிக்கு வெளியே வெகுதூரத்தில் ஒரு மாங்கன்று, அதன் பக்கத்தில் இரண்டு பெண்கள், இரண்டு முள்ளங்கிகள். தலைகள் ஒரே கோட்டில். தூரத்து ஆளுக்கு முகம் வைக்கக் கூடாது என்று மாஷ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தும், அதில் ஒருத்திக்கு மட்டும் ஊசிமுனை அளவில் சிவப்பாக ஒரு வாய் வைத்திருந்தாள். அந்த வீட்டில் முதன்முதலாக நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்த சத்தம் கேட்டு மாமியார், ஓரகத்திகள் எல்லோரும் என்ன என்று ஓடி வந்து என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

மதினி போய்ப் பல வருடமாகிறது. படம் இன்னும் என் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் வாயைத் திறந்து சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று கேட்பார்கள்.

குரைக்கிறாள் என்பேன்.